அப்பத்தாவின் அண்ணன் போனது கெர்சோப்பா கப்பலிலா?

சேதுக்கரைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகும் வழியில் இருக்கிறது. வீட்டில் ரொம்ப நாளாகத் தீராத ஒரு விஷயம், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு ஒரே ஒரு அண்ணன். யுத்த காலத்தில் கல்கத்தாவுக்குப் போய் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலோடு போய்விட்டார். வீட்டில் சொல்வது இவ்வளவுதான். எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்த மாதம் என்று ஒன்றும் கிடையாது. கல்யாணம் ஆகாதவர், பிள்ளை குட்டி இல்லை. அதனால் என் அப்பாதான் தன் தாய்மாமனுக்கு வருஷா வருஷம் ஆடி அமாவாசையில் சேதுக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார். திதி தெரியாதவர்களுக்கு அந்த நாள்தானே. அப்பத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. நேற்று பார்த்தவரை மறந்துவிடுவார், அண்ணன் ரயிலேறிய அன்று கட்டியிருந்த வேட்டிக் கரையைச் சொல்வார். 1940 தீபாவளிக்குக் கல்கத்தாவிலிருந்து மணியார்டர் வந்ததாகவும், அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்றும் சொல்கிறார்.

போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். கெர்சோப்பா என்று ஒரு சரக்குக் கப்பல், 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளிக் கட்டிகளோடு கிளம்பி, அயர்லாந்து பக்கம் ஜெர்மன்காரன் அடித்து மூழ்கியதாம். மாதமும் ஊரும் பொருந்துகிறதே என்று அப்பாவிடம் காட்டினேன். அவர் அன்று சாப்பிடவே இல்லை.

என் கேள்விகள்: அந்தக் கப்பலில் போன இந்தியர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும்? கூட்டமாகப் போன கப்பல் ஏன் தனியாகப் பிரிந்தது? அப்புறம், அந்த வெள்ளியில் மாலுமிகளின் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு, 3,500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸப்பில் பேசுகிறார். இது உண்மையா?

மூக்கையூர் மச்சான்:

நம்ம எம்டன்தானே அந்தக் கப்பலை அடித்தது?

வாலிநோக்கம் ஆயில்மேன்:

முதலில் அந்த 3,500 ரூபாய். கட்டாதீர்கள் தம்பி. ஒரு பைசா கட்டாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மூக்கையூர் தம்பி, எம்டன் முதல் யுத்தத்துக் கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸில் குண்டு போட்டது, அந்த வருஷம் நவம்பரிலேயே கோகோஸ் தீவில் அதன் கதை முடிந்துவிட்டது. இது இரண்டாம் யுத்தம், 1941. நம் பக்கத்தில் கப்பல் மூழ்கினால் எல்லாம் எம்டன் கணக்கில்தான் எழுதுகிறோம்.

நான் இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களில் இஞ்சின் அறையில் ஆயில்மேன். கடலை விட்டு இறங்கிய பிறகு வாலிநோக்கத்தில் கப்பல் உடைக்கிற இடத்தில் சில வருஷம். உயிரோடு இருந்த கப்பலுக்கு எண்ணெய் போட்டவன், செத்த கப்பலை அறுத்தும் பார்த்திருக்கிறேன். என் அத்தா எனக்கு முந்திய தலைமுறை, கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். கெர்சோப்பா கதையைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. ஏன் என்றால் எல்லோரும் டார்பிடோ, வெள்ளி என்று பேசுகிறார்கள். அந்தக் கப்பலை முதலில் கொன்றது கரி. கரி தீர்ந்தது.

கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஜாரோ என்ற ஊரில் பால்மர்ஸ் கம்பெனி 1919இல் கட்டியது. 5,237 டன், சுமார் நானூறு அடி நீளம். ஓடியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு. நாம் பி.ஐ. கம்பெனி என்போம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலும் இவர்களுடையதுதான், அதைத் தெரியாத வீடு நம் பக்கத்தில் குறைவு. இந்தக் கம்பெனி தன் கப்பல்களுக்கு நம் தேசத்து ஊர்ப் பெயராகப் பார்த்து வைக்கும், முக்கால்வாசி ‘ஆ’ சத்தத்தில் முடியும். கெர்சோப்பா என்பது கர்நாடகத்தில் ஷராவதி ஆற்றங்கரை ஊர். ஜோக் அருவிக்கே கெர்சோப்பா அருவி என்றுதான் பழைய பெயர்.

1940 டிசம்பரில் கல்கத்தாவில் வார்ப்பிரும்பு, தேயிலை, வெள்ளி என்று கிட்டத்தட்ட 7,000 டன் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றி மேற்குக் கரையில் ஃப்ரீடவுன். அங்கே எஸ்.எல். 64 என்ற கான்வாயில் சேர்ந்து, 1941 ஜனவரி 30 அன்று லிவர்பூல் நோக்கிப் புறப்பட்டது. கான்வாய் என்றால் திருவிழாக் கூட்டத்தில் கை கோத்துப் போகிற மாதிரி. முன்னால் போகவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. இந்தக் கூட்டம் எட்டு நாட் வேகம்தான், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவு.

எட்டு நாட் என்பது அமைதியான கடலில் ஒன்றுமில்லை. எதிர்க்காற்றில் அதே எட்டைப் பிடிக்கக் கப்பல் படுகிற பாடு வேறு. பாரம் முழுசாக ஏற்றிய கப்பல். ஒவ்வோர் அலைக்கும் மூக்கு முங்கும், பின்பக்கம் தூக்கும், ப்ரொபெல்லர் பாதி காற்றில் சுற்றும். கரி எரிவது என்னவோ எரிந்துகொண்டே இருக்கும், கப்பல்தான் நகராது. அத்தா சொல்வார்: கிளம்பிய புதிதில் கரி கைக்கெட்டுகிற தூரத்தில் கிடக்கும். நாள் ஆக ஆக கிட்டே இருப்பது தீர்ந்து, பங்கர் என்ற கரிக்கிடங்கின் கடைசி மூலையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவர வேண்டும். அதற்கென்றே ட்ரிம்மர் என்று ஆட்கள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது வண்டி ஆள் மேலேயே வரும். இருட்டு, கரித்தூள், நாலு மணி நேர வாட்ச். கப்பலில் எவ்வளவு கரி பாக்கி என்று கேப்டனுக்குக் கணக்கில் தெரியும், ட்ரிம்மருக்கு முதுகில் தெரியும் என்பார்.

பிப்ரவரி 14 வாக்கில் கெர்சோப்பாவில் அந்தக் கணக்கு உதைத்தது. இந்தக் கடலில் கூட்டத்தோடு ஓடினால் லிவர்பூல் வரை கரி காணாது. எனவே கூட்டத்தை விட்டு விலகி, வேகத்தைக் குறைத்து, கிட்டத்தில் இருக்கும் அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குத் தலையைத் திருப்பினார்கள். இதுதான் தம்பி உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். தப்பான முடிவு என்று வீடியோக்காரர்கள் சுலபமாகச் சொல்வார்கள். கூட்டத்தோடு இருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதே வாரத்தில், பிப்ரவரி 12 அன்று, இதே ஃப்ரீடவுனிலிருந்து வந்த இன்னொரு கான்வாயை ஹிப்பர் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் புகுந்து அடித்து ஏழு கப்பலை மூழ்கடித்தது. கரியில்லாமல் நடுக்கடலில் அடுப்பு அணைந்து நிற்பதைவிட கால்வேக்கு முயன்று பார்க்கலாம் என்றுதான் எந்தக் கேப்டனும் நினைப்பார்.

பிப்ரவரி 16 காலையில் ஒரு ஜெர்மன் விமானம் தலைக்கு மேல் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. ராத்திரி யு-101 என்ற நீர்மூழ்கி அடித்தது. வலது பக்கம், இரண்டாம் நம்பர் ஹோல்டு, அதாவது சரக்கறை. பாய்மரம் முறிந்து வயர்லெஸ் கம்பி அறுந்ததால் உதவி கேட்டு ஒரு வார்த்தை அனுப்ப முடியவில்லை. இருபது நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கீழே வாட்சில் இருந்த ஆட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்களில் கடைசியில் உயிரோடு கரையேறியவர் ஒரே ஒருவர், ரிச்சர்ட் ஏர்ஸ் என்ற செகண்ட் ஆஃபீசர்.

பட்டியல், வெள்ளி இரண்டையும் அடுத்த பதிவில் எழுதுகிறேன். கரண்ட் போகிற நேரம்.

பாம்பன் நாட்டுப்படகு:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. அந்த ஏர்ஸ் பற்றி நானும் படித்திருக்கிறேன், மனசை விட்டுப் போகாத கதை. லைஃப்போட்டில் முப்பது பேர் அளவில் ஏறினார்கள். பெரும்பாலும் நம் தேசத்து ஆட்கள். மாசிக் குளிர். நம் மாசி இல்லை, அந்த ஊர் பிப்ரவரி. கல்கத்தாவில் ஏறிய ஆளிடம் என்ன கம்பளி இருந்திருக்கும்? பாய் கட்டிக் கிழக்கே ஓட்டினார்கள். 13 நாள். குடிதண்ணீர் தீர்ந்தது, ஒவ்வொருவராகப் போனார்கள். சுமார் 300 மைல் வந்து இங்கிலாந்தின் தெற்கு நுனியில், லிசார்ட் என்ற முனையில், கரை கண்ணில் பட்டபோது மிஞ்சியிருந்தது ஒரு சிலர்தான். மார்ச் 1.

அங்கேதான் போட் கவிழ்ந்தது. பாறையும் அலையுமான இடம். தண்ணீரில் விழுந்தவர்களில் ஏர்ஸ் ஒருவரைத்தான் கரையில் இருந்தவர்கள் இழுத்துப் போட முடிந்தது. பிற்பாடு அரசாங்கம் அவருக்கு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது.

வெளியூர்க்காரர்கள் ‘கரை தெரிந்த பிறகுமா?’ என்று கேட்பார்கள். கடலுக்குப் போகிறவன் கேட்க மாட்டான். எனக்கு ஒரு தடவை கச்சத்தீவுக்கு வடக்கே இஞ்சின் உட்கார்ந்துவிட்டது. நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்த இழுப்புக்கு இரண்டு ராத்திரி மிதந்தோம். நடுக்கடலில் எனக்குப் பயமே இல்லை. விடியற்காலையில் கரையோரப் பாறைப் பார் மேல் அலை வெள்ளையாக உடைவதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கை ஓய்ந்து கிடக்கும்போது கரைதான் ஆளைக் கொல்லும். எங்களுக்கு அன்றைக்குக் கச்சான் காற்று அடங்கியிருந்தது, தப்பித்தோம்.

இரண்டு நாளுக்கே கூட வந்த பையன் உப்புத்தண்ணீரை அள்ளிக் குடிக்கப் பார்த்தான், கையைத் தட்டிவிட்டேன். 13 நாள் என்றால் யார் கையை யார் தட்டிவிடுவது.

வாலிநோக்கம் ஆயில்மேன்:

பாம்பன் தம்பி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது வெள்ளி. யுத்த காலத்தில் சரக்குக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது பிரிட்டிஷ் அரசாங்கம். கப்பல் மூழ்கியதும் பணத்தைக் கொடுத்துவிட்டது, அன்றோடு அந்த வெள்ளி அரசாங்கத்துச் சொத்து. 2010இல் ஒடிசி மரைன் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். தேடும் செலவு, ஆபத்து எல்லாம் கம்பெனியுடையது. கிடைத்தால் செலவு போக 80 சதவீதம் கம்பெனிக்கு, மீதி அரசாங்கத்துக்கு. 2011இல் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். ஆழம் சுமார் 4,700 மீட்டர், டைட்டானிக் கிடப்பதைவிடக் கூட. நம் கணக்கில் 2,500 பாகத்துக்கு மேல், ஒரு பாகம் ஆறடி. பாக் நீரிணையில் ஏழெட்டுப் பாகத்தில் வலை இறக்குகிற நமக்கு அது மனசில் ஏறாத ஆழம். ஆள் இறங்க முடியாது, எல்லாம் ரோபோ கைதான். 2012இல் 1,218 கட்டி, 2013இல் 1,574 கட்டி, ஆக 2,792. ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். அதில் கொஞ்சத்தை எடுத்து பிரிட்டிஷ் அரசு நாணயச்சாலை கெர்சோப்பா பெயர் போட்ட நாணயமே அடித்து விற்றது. மாலுமி குடும்பங்களுக்கு என்று இந்தக் கணக்கில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. உங்களுக்குப் பேசும் ஆளிடம் ரசீது கேளுங்கள், அன்றே நம்பரை மாற்றிவிடுவான்.

கட்டி ஒன்றுகூடக் குறையாமல் எண்ணியிருக்கிறார்கள், பார்த்தீர்களா. ஆட்களை எண்ணிய விதம் வேறு. லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில் யுத்தத்தில் கடலில் போன வணிகக் கப்பல் ஆட்களுக்கு நினைவிடம் இருக்கிறது, கப்பல்வாரியாகப் பெயர் பொறித்திருப்பார்கள். நம் ஆட்கள் பெயர் அந்தச் சுவரில் இல்லை. அது மும்பையிலும் சிட்டகாங்கிலும் புத்தகமாக வைத்திருக்கிறார்கள். 6,000க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள். எல்லாம் இந்த ஒரு யுத்தம்.

சம்பளமும் அப்படித்தான். 1939இல் வெள்ளைக்கார ஃபயர்மேன் வாங்கியதில் நாலில் ஒரு பங்குகூட நம் ஆளுக்குத் தேறாது. யுத்தம் தொடங்கியதும் லஸ்கர்கள், அதாவது வெள்ளைக்காரன் கப்பலில் வேலை பார்த்த நம் தேசத்து மாலுமிகள், இங்கிலாந்துத் துறைமுகங்களிலேயே கப்பலேற மறுத்து உட்கார்ந்தார்கள், ஜெயிலுக்கும் போனார்கள், கூலியும் கொஞ்சம் ஏறியது. இதை எந்த வீடியோக்காரரும் சொல்ல மாட்டார்.

அந்தப் பெயர்ப் புத்தகத்தை இப்போது வீட்டிலிருந்தே தேடலாம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கப்பல் பெயர் போட்டாலும் வரும், ஆள் பெயர் போட்டாலும் வரும். காசு கிடையாது. ஒன்று மட்டும்: எழுத்துக்கூட்டல். கல்கத்தா ஷிப்பிங் ஆபீஸில் ஒரு வங்காளி குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர், அதை ஓர் ஆங்கிலேயன் தட்டச்சு செய்திருப்பான். ‘முனியசாமி’ என்ன பாடு பட்டிருப்பான் என்று நீங்களே யோசியுங்கள். பத்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, மனசு கஷ்டப்படாதீர்கள். கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களில் பெரும்பாலும் சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பக்கத்து ஆட்கள். சாரங்கு, அதாவது மாலுமிகளுக்குத் தலைவன், தன் ஊர்க்காரனைத்தான் கூட்டிப் போவான். தமிழ் ஆள் இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. மாதமும் ஊரும் பொருந்துவதை வைத்து மட்டும் திதியை மாசி தேய்பிறைக்கு மாற்றிவிடாதீர்கள். அந்த மாதங்களில் கல்கத்தாவிலிருந்து எத்தனையோ கப்பல் போயிருக்கும்.

அந்த மணியார்டர் கூப்பன் வீட்டில் இருக்கிறதா?

பரமக்குடி தபால்:

நான் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். வெள்ளியைவிட எனக்கு ஆச்சரியம் வேறு. அந்தக் கப்பலில் தபால் மூட்டைகளும் போயிருக்கின்றன. வெள்ளி எடுக்கப் போன ரோபோ எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொண்டுவந்தது. 1940 கடைசியில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் பாதிரிமார்களும் ஊருக்கு எழுதியவை. எழுபது வருஷம் தண்ணீரில் கிடந்த காகிதம் எப்படி மிஞ்சியது என்றால், வெளிச்சம் இல்லை, சூடு இல்லை, காற்று இல்லை, மேலே மேலே மூட்டை அமுக்கியிருந்தது. பதப்படுத்தி லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் 2018இல் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் ஆபீஸ் பரணில் ஒரு மழைக்காலத்துக்கு ஃபாரம் தாங்காது.

சேதுக்கரைத் தம்பி, ஆயில்மேன் ஐயா கேட்டதுதான் நானும் கேட்கிறேன். கூப்பன் என்பது பணம் வாங்கியவர் கிழித்து வைத்துக்கொள்ளும் துண்டு. அதில் வட்ட முத்திரை இருக்கும். மேல் வளைவில் ஊர், நடுவில் தேதி. மங்கியிருந்தால் தண்ணீர் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். சாயங்கால வெயிலில் சாய்த்துப் பிடித்து செல்போனில் படம் எடுங்கள். அழுத்தின தடம் தெரியும். செய்தி எழுத ஒதுக்கிய இடத்தில் இரண்டு வரி இருந்தால் அது யார் கையெழுத்து என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். கம்பெனி ஆபீஸே அனுப்பியதாக இருந்தால் தேதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆள் கடலுக்குப் போன பிறகும் பணம் வரும். அவரே எழுதியிருந்தால் அந்தத் தேதியில் அவர் கரையில் இருந்தார்.

சேதுக்கரைப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். வாட்ஸப் ஆளிடம் ரசீது கேட்டேன். ஐயா சொன்னபடியே நம்பர் இல்லை.

கூப்பன் இருக்கிறது. பழைய வீட்டுப் பரணில் ஒரு கம்பியில் குத்தி வைத்த காகிதக் கொத்து. வரி ரசீது, மருந்துச் சீட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் கூப்பன் மூன்று. இரண்டில் தேதி படிக்க முடிகிறது. ஒன்று 1940 அக்டோபர். அப்பத்தா சொல்லும் தீபாவளி மணியார்டர் அதுதான். இன்னொன்றை எடுத்துப் பார்த்து நானும் அப்பாவும் பேசவே இல்லை. ஊர் கிடர்பூர். தேதி 14, மாதம் மார்ச். வருஷம் 41.

அதாவது கெர்சோப்பா மூழ்கி கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு.

செய்தி இடத்தில் பென்சிலில் இரண்டு வரி. ‘சுகம். பங்குனிக்கு வர இயலாது. கப்பல் கிடைத்திருக்கிறது, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளவும்.’ அப்பத்தாவுக்குக் கண் தெரியாது, நான் வாசித்துக் காட்டினேன். கையெழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். ‘ள’ எல்லாம் வால் நீட்டி வலது பக்கம் இழுத்திருக்கிறது என்றேன். வாத்தியார் அதற்காகவே அடிப்பார் என்று சொல்லிவிட்டு, இந்தக் கூப்பன் வந்ததே தனக்குத் தெரியாது என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யார் காட்டியிருப்பார்கள்.

இப்போது எங்கே தேடுவது ஐயா?

வாலிநோக்கம் ஆயில்மேன்:

தம்பி, அப்படியானால் கெர்சோப்பாவை விடுங்கள். 1941 மார்ச்சில்தான் அவருக்குக் கப்பலே கிடைத்திருக்கிறது. கிடர்பூர் கல்கத்தாவின் கப்பல்துறை. ஷிப்பிங் ஆபீஸ், மாலுமிகள் தங்கும் வீடுகள் எல்லாம் அந்தப் பக்கம். எனவே கூப்பன் சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

தேடும்போது அட்லாண்டிக்கை மட்டும் பார்க்காதீர்கள். 1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பான் கடற்படை வங்கக் கடலுக்குள் வந்தது. ஐந்தாம் தேதி கொழும்பில் குண்டு, ஆறாம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், ஒன்பதாம் தேதி திரிகோணமலையில். ஒஸாவா என்ற தளபதியின் பிரிவு ஒன்று ஒரிசா, ஆந்திரா கரையோரம் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல்களைச் சில நாளில் இருபதுக்கும் மேல் மூழ்கடித்தது. கல்கத்தாவிலிருந்து பாதுகாப்பில்லாமல் கிளம்பிய கப்பல்கள் பல அதில் உண்டு. பி.ஐ. கம்பெனிக் கப்பல் மட்டும் மூன்று, மல்டா, காந்தாரா, இந்தோரா. மூன்றும் ஏப்ரல் 6. முதலில் இந்த மூன்று பெயரையும் போட்டுப் பாருங்கள். அதில் இல்லையென்றால் 1941 மார்ச் முதல் ஒவ்வொரு மாதமாகப் போகலாம், நான் கூட உட்கார்கிறேன். எனக்கு ராத்திரி தூக்கம் குறைவு.

அவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். அப்பா பெயர் அவசியம். அந்தப் பட்டியலில் பல இடத்தில் இன்னாருடைய மகன் என்று அதுவும் இருக்கும். மூன்றாவது கூப்பனையும் சாயங்கால வெயிலில் இன்னொரு தடவை பிடித்துப் பாருங்கள்.